நானூறு

சோதனைச் சாவடியில் என் பையைக் கவிழ்த்தார்கள்.
தண்ணீர் பாட்டில், முறுக்குச் சுற்றிய கவர்,
ஷாம்பு பாக்கெட் இரண்டு, எல்லாம் தொட்டிக்குள் போயின.
கத்தரிக்கோலை மட்டும் தூக்கிப் பிடித்து
"இது எதுக்கு?" என்றார் வனக்காவலர்.
இலை வெட்ட, என்றேன்.
"காட்டுல இலை வெட்டக் கூடாது."
பீடி இலை சார். அதுவும் வீட்டுல.
அவர் சிரிக்கவில்லை.
ஜீப் ஓட்டிவந்த இசக்கித்துரை சிரித்தான்.

மருத்துவ முகாம் வண்டி அது.
மாத்திரைப் பெட்டிகளுக்கும் நர்சுக்கும் நடுவே
மடியைச் சுருக்கிக்கொண்டு நான்.
எனக்கு நோய் ஒன்றுமில்லை,
ஒரு சுளகு வேண்டும்.
பிளாஸ்டிக் தட்டில் தூள் ஒட்டிக்கொள்கிறது,
தட்டினாலும் விழமாட்டேன் என்கிறது.
கடைச் சுளகோ கண்ணு கண்ணாய் ஓட்டை;
சிந்திய தூளுக்கும் கம்பெனி கணக்குக் கேட்கும்.

அணை பின்னால் போய் ஒரு தட்டு நீராய்ச் சிறுத்தது.
காது அடைத்தது. எச்சில் விழுங்கினேன். திறந்தது.
விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து
நாற்பத்தாறு வருஷமாய்த் தினமும் பார்க்கிற மலை,
உள்ளே வந்து நின்றால்
மலையையே காணோம்.
மரம்தான் இருக்கிறது.

காணிக் குடியிருப்பில் பதினேழு வீடு.
பாறைமேல் ஒரு பையன்
டவர் பிடிக்கப் போனைத் தூக்கி
சாமிக்குச் சூடம் காட்டுவதுபோல் சுற்றினான்.
மூன்றாம் வீட்டு வாசலில் பகவதி,
என் மகளைவிட நாலு வயது கூடுதலாய் இருக்கும்.
பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில்
ஈத்தைச் சீவலைக் கொடுத்து இழுத்தாள்.
கத்தி அசையவில்லை. ஈத்தைதான் போய்வந்தது.

இரண்டைத் தூக்கு, ஒன்றை விடு,
இரண்டைத் தூக்கு.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
என் முழங்காலின் மேல்
என் விரல்கள் தாமாகவே
இல்லாத இலையைச் சுருட்டி
இல்லாத நூலைக் கட்டின.
அவள் அதைக் கண்டுவிட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

"நானூறு," என்றாள்.
முன்னூறு வைச்சுக்கோ தாயி, கடையில நூத்தம்பதுதான்.
"அப்பம் கடையில வாங்கு."
கோபமில்லாமல்தான் சொன்னாள்,
மழை வரும் என்பதுபோல.
பிறகு உள்ளே போய்
ஒரு கை உப்புத்தூள் கொண்டுவந்து சுளகில் கொட்டி
என் கறுப்புச் சேலைக்கு நேராய்ப் பிடித்துக் குலுக்கினாள்.
சேலை கறுப்பாகவே இருந்தது.

"நீ நாளுக்கு எத்தனை சுத்துவ?"
ஆயிரம். விசேஷ நாள்னா எழுநூறு.
"ஆயிரத்துக்கு?"
பிடித்தம் போகக் கைக்கு வருவதைச் சொன்னேன்.
கழிவு என்று ஒரு கட்டைத் தூர எறிவார்கள்,
அதையும் சொன்னேன். ஏன் சொன்னேனோ.
"அந்த விலை ஆரு போட்டது?"
கம்பெனி.
"சுத்துறது?"
நான்.

அவள் அடுத்த சீவலை எடுத்து
ஓரத்தை மடக்கி
கொஞ்சம் எச்சில் தொட்டு உள்ளே செருகினாள்.
இரண்டைத் தூக்கி ஒன்றை விட்டாள்.
நர்சு யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
ஒரு குழந்தை ஊசிக்கு அழுதது.
நான் சுருக்குப் பையை அவிழ்த்து
நாலு நூறு ரூபாய்த் தாளை
எண்ணாமல் கொடுத்தேன்.
அவள் எண்ணி வாங்கினாள்.

திரும்பும்போது பாபநாசத்தில் இறங்கி பஸ் பிடித்தேன்.
கூட்டத்தில் சுளகைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்,
காற்றடித்தால் நானும் பறந்திருப்பேன்.
"லக்கேஜ் போடணும்க்கா," என்றார் கண்டக்டர்.
பிறகு விளிம்பைத் தடவிப் பார்த்து,
"நல்லாருக்கே, என்ன விலை?"

ஐந்நூறு, என்றேன்.